நெய்னா முகம்மது பேரில் போன பாட்டில்

செல்லையன் ஒரு வீட்டுக்கு வந்துபோனால் அந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு யாரும் ஹார்லிக்ஸ் குடிக்க மாட்டார்கள். அவர் மேல் யாருக்கும் கோபமில்லை. வந்த காரியம் அப்படி. "பாட்டில் காலியாச்சுங்களா?" என்று கேட்டபடிதான் வாசற்படி ஏறுவார். காலியான பாட்டிலில் அடுத்து என்ன குடியேறப்போகிறது என்பது கோட்டுச்சேரி முதல் போலகம் வரை எல்லோருக்கும் தெரியும்.

காரைக்காலில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் அவர் லேப் டெக்னீஷியன். டாக்டர் அறுத்தெடுக்கும் கட்டி, கழலை, குடல்வால் எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீரில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, துணி சுற்றி, லேபிள் ஒட்டி, பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிடுவது அவர் வேலை. அங்கே அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதி அனுப்புவார்கள். அறுக்கிறவர் ஒரு டாக்டர், பார்க்கிறவர் ஒரு டாக்டர், நடுவில் தான் ஒருவன் இல்லாவிட்டால் இருவருக்கும் பிழைப்பு இல்லை என்று செல்லையன் டீக்கடையில் அடிக்கடி சொல்வார். அதில் முக்கால்வாசி உண்மை என்பதால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

லேபிள் எழுதுவதில் அவருக்குக் கர்வம் உண்டு. முத்து முத்தான எழுத்து. பேர், வயசு, ஊர், எந்த கொம்யூன் பஞ்சாயத்து என்பது வரை ஒன்று விடமாட்டார். ஆனால் பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு வார்த்தையை மட்டும் அவர் கை எழுதியதில்லை. அது மார்பு. பெண்களுக்கு அங்கே கட்டி வந்தால் அவர் லேபிளில் அது 'நெஞ்சுக்கட்டி' ஆகிவிடும்.

"நெஞ்சுன்னா என்ன செல்லையன்? நுரையீரலா, எலும்பா, எது?" என்று பாண்டிச்சேரி டாக்டரம்மா போனில் சத்தம் போடுவார்.

"அதுக்கு மேல கேக்காதீங்க டாக்டர். லேடீஸ் கேஸு" என்பார் இவர். கேட்கிற டாக்டரும் லேடீஸ்தான் என்பது அவருக்கு ஞாபகம் வராது.

அவரை மட்டும் சொல்லி என்ன செய்வது? ஊரே அப்படித்தான். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தால், அடுத்தவனின் ஆத்தாள் அக்காள் உடம்பில் ஒரு இடம் விடாமல் சொல்லி, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி திட்டுவார்கள். அதே ஆத்தாளுக்கோ அக்காளுக்கோ அந்த இடத்தில் நோவு வந்துவிட்டால் வாயில் கொழுக்கட்டை. அப்படி வாய் அடைத்துப்போய் எத்தனை பெண்கள் மண்ணுக்குப் போனார்கள் என்று எந்த மகராசனும் எண்ணிப் பார்த்ததில்லை.

செல்லையனுக்கு ஒருத்தியைத் தெரியும். கூடப்பிறந்த அக்கா பூவாயி. விழிதியூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எழுபத்து நாலாம் வருஷம் ஒருநாள் வந்து, "நெஞ்சு வலிக்குது தம்பி" என்றாள். லேப்பில் வேலை பார்க்கிற தம்பியாயிற்றே, உடனே வாயு மருந்து வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதமும் வந்தாள், அடுத்த மாதமும் வாயு மருந்துதான். எந்த இடத்தில் வலி என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் புண்ணாகி வாடை வந்தபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 'செல்லையன் அக்கா, நெஞ்சுக்கட்டி' என்று அவரே லேபிள் எழுதி அவரே பஸ் ஏற்றினார். ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள்.

அந்த லேபிளை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கும். இருந்தும் அடுத்த வாரம் வந்த பாட்டிலிலும் 'நெஞ்சுக்கட்டி' என்றுதான் எழுதினார். மனுஷன் திருந்துவதென்ன அவ்வளவு சுலபமா?

எண்பத்தேழாம் வருஷம் ஜொஹரா வந்தாள். வயது நாற்பத்தொன்று. புருஷன் நெய்னா முகம்மது குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் புருஷனுடைய அண்ணன் மதார் சாகிப், ஜவுளிக்கடைக்காரர். ஜொஹராவின் இடது மார்பில் கட்டி. ஆனால் நோயைத் தவிர மற்ற எல்லாம் மதார் சாகிபிடம்தான் இருந்தது, பேச்சு உட்பட.

"எத்தனை நாளா இருக்கு?" என்று சர்ஜன் மதார் சாகிபைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு மாசமா இருக்குங்க."

"ஏழு மாசம்" என்றாள் ஜொஹரா மெதுவாக.

சர்ஜன் இரண்டு என்று எழுதிக்கொண்டார். அவருக்குக் கத்தியில் நல்ல வேகம், காதில்தான் கொஞ்சம் மந்தம். அதுவும் பெண்கள் குரல் என்றால் சுத்தமாக விழாது.

ஒரு துண்டு அறுத்து வழக்கமான மருந்துத் தண்ணீரான ஃபார்மலினில் போட்டு பாண்டிச்சேரிக்குப் போயிற்று. பத்தாம் நாள் டாக்டரம்மா ட்ரங்க் கால் போட்டு செல்லையனைக் கூப்பிட்டார்.

"இது புத்துநோய்தான், சந்தேகமே இல்ல. ஆனா எந்த வகைன்னு சொல்ல முடியல. எல்லாம் சின்னச் சின்ன உருண்டை செல், ஒண்ணுபோல இருக்கு. மார்லயே பொறந்த நோயா இருந்தா மாரை எடுக்கணும். ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு வழியா வந்த நெறிக்கட்டி வகையா இருந்தா எடுக்கவே வேணாம். எடுத்தும் பிரயோசனமில்ல, ஊசி மருந்துலதான் கரையும். ரெண்டுல எதுன்னு தெரியாம கத்தியத் தொடக்கூடாதுன்னு சர்ஜன்கிட்ட சொல்லுங்க."

"தெரிஞ்சுக்க வழி இருக்குங்களா?"

இருந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய லேப்பில் புதிதாக வந்திருந்தது. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்று டாக்டரம்மா சொன்ன பேரை மூன்று தடவை கேட்டுத்தான் செல்லையனால் எழுத முடிந்தது. பேர்தான் வாயில் நுழையவில்லை, விஷயம் சட்டென்று நுழைந்துவிட்டது. ஒவ்வொரு செல்லும் தான் பிறந்த இடத்தின் அடையாளம் ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கும். அந்த அடையாளத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற மருந்தை விடுவார்கள். ஒட்டினால் அந்த இடம் பழுப்பாகும், ஒட்டாவிட்டால் ஆகாது. மார்பகத்துச் செல்லா என்று கேட்க ஒரு மருந்து, வெள்ளை அணு வம்சமா என்று கேட்க இன்னொரு மருந்து. காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் புது ஆள் இறங்கினால் முதல் கேள்வி என்ன? "தம்பி, நீங்க யாரு வூட்டுப் புள்ள?" அதையேதான் மெட்ராஸில் செல்லிடம் கேட்கிறார்கள் என்று செல்லையன் டீக்கடையில் விளக்கினார். வேறு எந்த விஞ்ஞானமும் அந்த டீக்கடைக்கு அவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை.

ஒரே ஒரு சங்கடம். ஃபார்மலினில் ஊறிய துண்டில் அந்த மருந்து சரியாக ஒட்டுவதில்லையாம். புதிதாக ஒரு துண்டு எடுத்து, சுத்தமான ஸ்பிரிட்டில் போட்டு, நேரே மெட்ராஸுக்கு அனுப்பச் சொன்னார் டாக்டரம்மா. ஸ்பிரிட்டுக்குப் பஞ்சமில்லை. வேறு ஊர் ஆஸ்பத்திரிகளில் ஸ்பிரிட் பூட்டு போட்டாலும் காணாமல் போகும். தெருவுக்குத் தெரு சாராயக் கடை திறந்திருக்கிற காரைக்காலில் அதை யார் திருடுவான்?

ஜொஹரா இரண்டாவது தடவை கத்திக்குக் கீழே படுத்தாள். சர்ஜன் முணுமுணுத்தபடி இருபது நாள் கெடு கொடுத்தார். "அதுக்குள்ள ரிப்போர்ட் வந்தா சரி. வரலேன்னா எடுத்துடறதுதான்."

செல்லையன் லேபிள் எழுத உட்கார்ந்தார். மதார் சாகிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"வீட்டுப் பொம்பள பேரு பஸ்ஸுல போறது நல்லா இருக்குமா? நம்ம நெய்னா பேரையே போட்டுடுங்களேன்."

"அதுக்கென்ன பாய், போட்டுடுவோம்."

மறுத்திருக்கலாம். மெட்ராஸ்காரர்கள் குழம்புவார்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். செல்லையனுக்கோ உள்ளூர நிம்மதியாக இருந்தது. அவள் பேரே இல்லை என்றால் எந்த இடம் என்றும் எழுத வேண்டாம் பாருங்கள். முழு விவரம் எழுதிய காகிதத்தைத் தனியாகத் தபாலில் அனுப்பினார், வழியில் யாரும் படித்துவிடக்கூடாதே. பாட்டிலில் முத்து முத்தாக எழுதினார்: 'நெய்னா முகம்மது, காரைக்கால். ஸ்பிரிட். அவசரம்.'

இதற்கு மேல் ஒரு சாராய வழக்குக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

காரைக்காலிலிருந்து வடக்கே எங்கே போனாலும் ஆற்றுப் பாலம் தாண்டினால் தமிழ்நாடு. அந்த வருஷம்தான் அந்தப் பக்கம் சாராயக் கடைகளை இழுத்து மூடியிருந்தார்கள். பாலம் தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடி. அங்கே இருந்த ஏட்டுக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும். மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினார், முகர்ந்தார், கண்டக்டர் கருப்பையனின் சீட்டுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தார். கருப்பையன் பதினைந்து வருஷமாக செல்லையனின் பாட்டில்களைச் சுமக்கிறவன்தான். போலீஸைக் கண்டதும் பதினைந்து வருஷமும் மறந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அதுலயே பேரு எழுதியிருக்கு பாருங்க."

குவைத்தில் பாலைவனத்து ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த நெய்னா முகம்மது மேல், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சாராயம் கடத்தியதாக வழக்கு பதிவாயிற்று. கருப்பையன் நாலாம் நாள்தான் டீ குடிக்க வந்தபோது இதைச் சாவகாசமாகச் சொன்னான். செல்லையன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை அவர் சாவடியில் நின்றார். பாட்டில் ஏட்டின் தலைக்கு மேலே அலமாரியில் கழுத்தில் கேஸ் அட்டையோடு இருந்தது.

"ஏட்டய்யா, அது ஆஸ்பத்திரி சாமானுங்க. உள்ள சரக்கு இல்ல. ஒரு சதைத் துண்டு."

"சதையா? ஆட்டுச் சதையா?"

"மனுஷச் சதைங்க."

ஏட்டு நாற்காலியில் நிமிர்ந்தார். "எந்த இடத்துச் சதை?"

வார்த்தை தொண்டை வரை வந்தது. சாவடியில் லாரிக்காரர்கள் நாலு பேர், இரண்டு கான்ஸ்டபிள். செல்லையன் விழுங்கினார்.

"நெஞ்சுங்க."

"யாரு நெஞ்சு? இந்த நெய்னா முகம்மது நெஞ்சா? நெஞ்ச அறுத்தா ஆளு உசுரோட இருப்பானா? எங்க அவன்?"

"குவைத்துல இருக்காருங்க."

"நெஞ்சு இங்க, ஆளு குவைத்துலயா? யோவ், உன் பேர் என்ன சொன்ன?"

சாராய வழக்கு கொலை வழக்காக மாறுவதற்குள் செல்லையன் பஸ் ஏறிவிட்டார். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை, மூன்றெழுத்தோ நாலெழுத்தோ, அது இவர் வாயை விட்டு வராததால் ஒரு பெண்ணின் உடம்பில் பாதி போகப்போகிறது. அக்காவுக்குச் செய்த அதே காரியத்தை இன்னொருத்திக்கும் செய்துகொண்டிருந்தார். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

சாயங்காலம் ஜொஹரா வீட்டுக்குப் போனார். மதார் சாகிப் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"போலீஸ்காரங்ககிட்டப் போயி நம்ம வீட்டு விஷயத்தைப் பேசிக்கிட்டு நிக்க முடியுமா? இன்னொரு துண்டு எடுத்துக்கச் சொல்லுங்க. சின்ன வேலைதானே."

"யாருக்குச் சின்ன வேலை?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை அது மெதுவாக இல்லை. "ரெண்டு தடவ அறுத்தாச்சு மச்சான். மூணாவது தடவ என்னை யாரும் தொடக்கூடாது. அண்ணே, காலைல பஸ்ஸு எத்தன மணிக்கு?"



மறுநாள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜொஹரா சாவடிக்குள் நுழைந்தாள். செல்லையன் இரண்டடி பின்னால். ஏட்டு அவரைப் பார்த்ததும், "வாய்யா நெஞ்சுக்காரா" என்றார். லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.

ஜொஹரா அலமாரியைக் காட்டினாள்.

"அது என் மாரு" என்றாள். "எடது மாருல வந்த கட்டி. அதுல அறுத்த துண்டு அது. புத்துநோயாம். அத மெட்ராஸுல பாத்தாத்தான் என் மாரை எடுக்கணுமா வேணாமான்னு தெரியும். என் பேரு ஜொஹரா. என் பேரு எழுத வெக்கப்பட்டுக்கிட்டு இந்த ஆம்பளைங்க என் மாப்புள பேரை எழுதிட்டாங்க. குடுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. லாரிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போய், அவசரமாகத் தங்கள் லாரி டயரைப் பார்த்தார்கள். ஏட்டு எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"கேஸுக்கு நம்பர் போட்டாச்சும்மா. அத மட்டும் அழிக்க முடியாது" என்றார் தரையைப் பார்த்து.

வழக்கு இருந்தால் சாட்சிப் பொருள் வேண்டுமே. அவர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் தேடி, அதில் அசல் சாராயத்தை ஊற்றி, அதே அட்டையைக் கட்டி அதே இடத்தில் வைத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டார்கள். சாவடியில் அதற்கு மட்டும் என்றைக்கும் தட்டுப்பாடு கிடையாது.

அங்கிருந்தே பஸ் பிடித்து செல்லையனே மெட்ராஸுக்குப் போனார். பாட்டிலை மடியை விட்டு இறக்கவில்லை. லேபிளைக் கிழித்துவிட்டு, ஓடுகிற பஸ்ஸில் கோணல்மாணலாகப் புதிதாக எழுதினார்: 'ஜொஹரா, வயது 41, காரைக்கால். இடது மார்பு.' அவர் வாழ்நாளில் எழுதிய லேபிள்களிலேயே அசிங்கமான எழுத்து அதுதான்.

மெட்ராஸ் லேப்பில் பத்து நாள் காத்திருந்தார். கடைசியில் ஒரு டாக்டர் இரக்கப்பட்டு அவரையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கவிட்டார். முதல் கண்ணாடி ஸ்லைடில் மார்பகத்துச் செல்லா என்று கேட்டிருந்தார்கள். எல்லாம் வெளிறிப்போய்க் கிடந்தது, பதிலே இல்லை. இரண்டாவது ஸ்லைடில் வெள்ளை அணு வம்சமா என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் கருப்பட்டிப் பாகு நிறத்தில் வளையம். ஆமாம், ஆமாம் என்று அத்தனையும் ஒன்றாகச் சொன்ன மாதிரி இருந்தது. செல்லையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

பதினெட்டாம் நாள் ரிப்போர்ட்டோடு ஊருக்கு வந்தார். ஆபரேஷனுக்காக ஜொஹராவைச் சேர்த்திருந்த வார்டில் சர்ஜன், மதார் சாகிப், நர்ஸ் எல்லோரும் நின்றார்கள். சர்ஜன் காகிதத்தை வாங்கக் கையை நீட்டினார். செல்லையன் அவரைத் தாண்டிக் கட்டில் பக்கம் போனார்.

"தங்கச்சி, உங்க மாரை எடுக்க வேண்டாம்" என்றார். "நெறிக்கட்டி வகைதான். மெட்ராஸுல ஊசி போட்டாக் கரையும்."

ஜொஹரா அழுதாள். அவரும் அழுதார். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் பூவாயியிடம் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அது. வாயை விட்டு வந்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரி இடிந்து விழவில்லை. சர்ஜன் மட்டும் ஒரு இருமல் இருமினார்.

ஜொஹரா எட்டு மாதம் மெட்ராஸுக்கும் காரைக்காலுக்கும் அலைந்தாள். முடி முழுக்கக் கொட்டி மறுபடி சுருட்டையாக முளைத்தது. கட்டி கரைந்தது. இதோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் நம்பர் போட்ட வழக்கு ஒன்று இருந்ததே, அது முடியவிடவில்லை.

எண்பத்தொன்பதில் நெய்னா முகம்மது விடுமுறைக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள் சம்மனும் வந்தது. அவரோ ஐந்து வேளை தொழுகிறவர், சாராயக் கடை இருக்கும் தெருவில் நடக்கக்கூட மாட்டார். வக்கீல் சிரித்தார்.

"பாஸ்போர்ட்டைக் காட்டுங்க. அந்தத் தேதில நீங்க நாட்டுலயே இல்ல. பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அஞ்சு நிமிஷத்துல தள்ளுபடி."

செல்லையன் சாட்சி சொல்லத் தயாராக மெட்ராஸ் ரிப்போர்ட்டோடு போயிருந்தார். ஜொஹராவும் போயிருந்தாள். கோர்ட் நிறையக் கூட்டம், அதில் பாதி தெரிந்த முகங்கள். மதார் சாகிப் முன்வரிசையில். மேஜை மேல் ஏட்டு வைத்த பாட்டில், வாடை கடைசி வரிசை வரைக்கும் வந்தது.

"இந்தப் பாட்டிலில் என்ன இருந்தது?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

நெய்னா முகம்மது கூட்டத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். வக்கீல் பின்னாலிருந்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார்.

"சாராயந்தாங்க" என்றார் நெய்னா முகம்மது. "ஆளு மூலமா நான்தான் குடுத்தனுப்புனேன்."

வக்கீல் தலையில் கையை வைத்தார். செல்லையன் எழுந்து, "ஐயா, அது வந்து..." என்று ஆரம்பித்தார். சாட்சி அழைக்கப்படவில்லை, உட்காரும்படி உத்தரவாயிற்று. அபராதம் போட்டு வழக்கை முடித்தார்கள். அன்றைக்குப் பிறந்த 'சாராய நெய்னா' என்ற பேர் அவர் கடைசி காலம் வரை ஒட்டிக்கொண்டே இருந்தது. மெட்ராஸ் மருந்துகூட அப்படி ஒட்டியிருக்காது.

திரும்பி வரும்போது நெய்னா முகம்மது, ஜொஹரா, செல்லையன் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். சாவடி தாண்டிற்று. பாலத்தில் பஸ் ஏறியபோது நெய்னா முகம்மது, "ஜொஹரா, என் மானம் போனாப் போவுது. உன் மானத்தக் காப்பாத்திட்டேன்" என்றார்.

ஜொஹரா ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

"என் மானத்த நான் அந்தச் சாவடிலயே காப்பாத்திக்கிட்டேன்" என்றாள். "ரெண்டு வருஷம் முன்னாடி நான் செத்திருந்தா, எதுல செத்தேன்னு சொல்லியிருப்பீங்க?"